ஹால் சுவரில் இலையுதிர் காலம்

இலையுதிர் காலத்தை நேரில் பார்த்தவன் நான். அமெரிக்காவிலிருந்து திரும்பிய பிறகு இந்தத் தகவலைச் சேர்க்காமல் விருத்தாசலத்தில் யாரோடும் நான் பேச்சை முடித்ததில்லை. ரேஷன் கடையில் சர்க்கரை வரவில்லை என்று ஒருவர் அலுத்துக்கொண்டால், "அங்கெல்லாம் பாருங்க" என்று ஆரம்பித்து மூன்றாவது வாக்கியத்தில் மேப்பிள் மரத்துக்கு வந்துவிடுவேன். ஜங்ஷனில் ரயில் தாமதம் என்றாலும் போய்ச் சேருவது அதே மரத்தடிதான். கொஞ்ச நாளில், என்னைத் தூரத்தில் பார்த்ததுமே செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நடக்கிறவர்கள் அதிகமானார்கள். ஊரில் எல்லாருக்கும் இவ்வளவு போன் வருகிறதே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், கேட்காவிட்டாலும். செராமிக் கம்பெனி ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கலர் பிரிவில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த வர்ணம் எந்தச் சூட்டைத் தாங்கும் என்பது எனக்கு அத்துப்படி. நீலம் தாங்கும், பச்சை தாங்கும், பழுப்பை எவ்வளவு சுட்டாலும் கவலை இல்லை. சிவப்புதான் பிடிவாதக்காரக் கலர். எங்கள் ஊர்ச் சூளைகளில் கப்பும் பொம்மையும் வேகிற சூட்டில் அதைப் போட்டால் காணாமல் போகும், இல்லையென்றால் கறுத்துப்போகும். அதனால் சாமி பொம்மையானாலும் கிளி பொம்மையானாலும் சிவப்பு மட்டும் சூளைக்குப் பிறகுதான். பொம்மை வெள்ளையாக வெளியே வந்து ஆறியதும், வீடுகளில் இருக்கும் பெண்கள் அதைக் கூடை கூடையாக வாங்கிப்போய் இனாமல் பெயிண்ட்டில் பொட்டு, உதடு, முந்தானைக் கரை எல்லாம் கையால் வைப்பார்கள்.

என் மனைவி அப்படிச் சிவப்பு வைத்தவள். நான் சூப்பர்வைசராக இருந்த வருடங்கள் முழுக்க அவள் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அம்மன்களுக்கு உதடு வரைந்துகொண்டிருந்தாள். கலரைப் பற்றி வீட்டில் இரண்டு பேருக்குத் தெரியும். சர்ட்டிபிகேட் ஒருவரிடம்தான் இருந்தது.

அமெரிக்காவில் இருக்கும் மகன் ஒரு வருடம் ஒரு மரத்தின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். அடி முதல் நுனி வரை சிவப்பு. மனைவி அதை இரண்டு விரலால் பெரிதாக்கி, நகர்த்தி, திரும்பவும் பெரிதாக்கிப் பார்த்தாள். அன்றைக்கே மகனுக்கு வீடியோ கால் போட்டாள்.

"இது மரத்துலயே இருக்குற செவப்பா? இல்ல நீ போன்ல ஏத்தி வுட்டதா?"

"நெசந்தாம்மா. இங்க எல்லா மரமும் இப்படித்தான் ஆவும், குளிர் ஆரம்பிக்கறப்ப."

"அப்ப நான் அத நேர்ல பாக்கணும்" என்றாள்.

மருமகள் கர்ப்பமானாள். சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் பிரசவத்துக்குத் துணை போகும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. விமானம் என்றால் என் மனைவிக்கு அப்படியொரு பயம். சென்னைக்கு ரயிலில் போகவே சாமி கும்பிட்டுவிட்டு ஏறுகிறவள். ஆனாலும் போகலாம் என்று உடனே சொல்லிவிட்டாள். மருமகளுக்காக என்று ஊருக்குச் சொன்னாள். பாதிக் காரணம் அந்த மரம் என்பது எனக்குத் தெரியும், பெட்டி கட்டும்போது, "செவக்கறது எந்த மாசம்னு கேட்டீங்களா?" என்று என்னை இரண்டு தடவை கேட்டாள்.

அங்கே போய் இறங்கியதும் வேலைப் பிரிவினை தானாகவே அமைந்துவிட்டது. அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். நான் அமெரிக்காவைப் பார்த்துக்கொண்டேன். மருமகளுக்குப் பத்தியச் சாப்பாடு, பூண்டுக் குழம்பு, குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவது, துணி அலசுவது எல்லாம் அவள். குழந்தைக்குச் சாம்பிராணி காட்டினால் கூரையில் இருக்கும் புகை மணி அலறும். அவள் ஒரு கையில் குழந்தையோடு மறு கையில் துண்டை எடுத்து அந்த மணிக்கு விசிறுவாள். நான் சத்தம் பொறுக்காமல் குரங்குக் குல்லாயை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்புவேன். மனிதனுக்கு உடற்பயிற்சி முக்கியம்.

இலைகள் சிவக்க ஆரம்பித்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மகன், "இந்த வாரம் உன்னக் கூட்டிட்டுப் போயி மரமெல்லாம் காட்டறேம்மா" என்பான். ஒரு வாரம் குழந்தைக்குச் சளி. ஒரு வாரம் மருமகளுக்குக் காய்ச்சல். ஒரு வாரம் கார் சர்வீஸ். ஒரு வாரம் மழை. ஒவ்வொரு தடவையும் அவள், "பரவால்லப்பா, மரம் எங்க போயிடப் போவுது" என்றாள். மரம் எங்கேயும் போகாது என்பது உண்மைதான். இலை போய்விடும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். தினமும் நடந்து பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

நான் பார்த்தது போதாதென்று போட்டோவும் எடுத்தேன். இங்கேதான் சிக்கல். அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றினால் விரல் விறைத்துவிடும். மாட்டிக்கொண்டால் போன் நம் விரலை மதிக்காது. கழற்றி, நடுங்கி, அழுத்தி, மாட்டி, இப்படியே நானூறு படத்துக்கு மேல் எடுத்தேன். சிலவற்றை மகனின் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்தேன். சிலவற்றை மூக்கால் அழுத்தி எடுத்தேன். மூக்குக்குக் கையுறை இல்லை என்பதை அந்த ஊரில் கண்டுபிடித்தவன் நானாகத்தான் இருப்பேன்.

ஆறு மாதம் முடிந்து ஊருக்கு வந்தோம். உறவுக்காரர்கள் பார்க்க வந்தார்கள். போனை டிவியோடு இணைத்துப் படங்களை ஓடவிட்டேன். முதல் படத்திலேயே என் மச்சினன் எழுந்து தன் சட்டைப் பையைத் தடவினான்.

"என்னா தேடற?" என்றேன்.

"கண்ணாடி மாமா. போட்டுக்கிட்டா தெரியுமான்னு பாக்கறேன்."

போட்டுக்கொண்டும் தெரியவில்லை. ஒரு படம்கூடத் தெளிவாக இல்லை. ஆரஞ்சுப் புகை, மஞ்சள் புகை, சிவப்புப் புகை. ஹோலிப் பண்டிகையை ஓடும் ரயிலிலிருந்து எடுத்தால் அப்படித்தான் இருக்கும். "இதெல்லாம் மரம்" என்று ஒவ்வொரு படத்துக்கும் நான் சொல்ல வேண்டியிருந்தது. வந்தவர்கள் நல்லவர்கள், ஒப்புக்கொண்டார்கள். இப்படி நான் டிவியில் போட்டுக் காட்டிய எல்லாச் சமயத்திலும் என் மனைவி அடுப்படியில் வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

டீக்கடையில் இதைவிட மோசம். "எல உதுர்றதப் பாக்க அமெரிக்காவா போவணும்? எங்க வூட்டு முருங்க தெனம் உதுருது, பெருக்கி மாளல, வந்து பாருங்க சார்" என்றார் ஒருவர். சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். பார்த்ததை நிரூபிக்க முடியாதவன் பாடு பெரும்பாடு.

கடைவீதியில் ஒரு போட்டோ ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாண ஆல்பம், காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் நடக்கும். அந்த ஸ்டுடியோக்காரரிடம் போனேன். நானூறையும் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ஒண்ணுலயும் ஃபோகஸ் இல்லீங்க சார். தெளிவாக்க முடியாது. ஆனா ஒரு வழி இருக்குது. மங்கலாவே வுட்டுட்டு ஆயில் பெயிண்டிங் மாதிரி மாத்திடலாம். அப்புறம் மங்கலா இருக்குதேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. மங்கலா இருக்குறதுதான் அழகும்பாங்க."

எனக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. மங்கலாகப் போட்டோ எடுத்தால் கைநடுக்கம். மங்கலாக வரைந்தால் கலை. அவருக்கு முகூர்த்த நாட்களில் என்னோடு உட்கார நேரமில்லாததால், பின்னால் இருந்த பழைய கம்ப்யூட்டரை எனக்குக் காட்டி, எதை அழுத்த வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கும் பழக்கத்தை நான் கலைக்காகத் தியாகம் செய்தேன்.

வேலை நான் நினைத்ததைவிட நுணுக்கமானது. முதலில் படத்தில் கிடக்கும் சில்லறை விவரங்களை எல்லாம் கலைத்துவிட வேண்டும். ஒரு மரம் என்றால் ஒரு பெரிய கலர்த் திட்டு, அவ்வளவுதான் மிஞ்ச வேண்டும். பிறகு தூரிகை இழுத்த தடம். எல்லா இடத்திலும் ஒரே பக்கமாக இழுத்தால் கோரைப்பாய் மாதிரி ஆகிவிடும். அடிமரத்தில் மேலிருந்து கீழாக, இலைக் கூட்டத்தில் சுற்றிச் சுற்றி, ரோட்டில் குறுக்காக, வானத்தில் இழுத்தும் இழுக்காமலும். நிழலில் கொஞ்சம் நீலம் சேர்த்தால் பக்கத்தில் இருக்கும் சிவப்பு தானாக எழுந்து நிற்கும். கடைசியாக மேலே துணியின் நெசவு தெரிகிற மாதிரி ஒரு சொரசொரப்பு. கார் ஓட்டத்தில் இழுபட்டுப்போன படங்கள்தான் இதற்கு அருமையாக வந்தன. எவ்வளவு கெட்ட போட்டோவோ அவ்வளவு நல்ல ஓவியம். அந்தக் கணக்கில் என்னைவிடத் திறமைசாலி யாரும் இருக்க முடியாது.

வெறி பிடித்துவிட்டது. இலையுதிர் காலம் தீர்ந்தபோது பஸ் ஸ்டாண்டை மாற்றினேன். மணிமுத்தாறு, பழமலைநாதர் கோயில் கோபுரம், எங்கள் வீட்டுத் தண்ணீர் டேங்க் எல்லாம் ஓவியமாயின. ஸ்டுடியோக்காரர் வெளியே போயிருந்த நேரத்தில் யாரோ ஒருவருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவையும் மாற்றி வைத்துவிட்டேன். அவர் அதைப் பாங்கியில் கொடுத்துத் திட்டு வாங்கினாராம். அதன் பிறகு ஒரு வாரம் அந்தக் கம்ப்யூட்டருக்கு ரிப்பேர் என்று என்னிடம் சொன்னார்கள்.

நானூறில் நாற்பது தேறியது. அதில் ஒன்று எனக்கே பிடித்துப்போனது. ஒரு தெரு, இரண்டு பக்கமும் மரங்கள், மழை பெய்து ஈரமான ரோடு, ரோட்டில் பாதி சிவப்பு. டீக்கடையில் காட்டினேன். முருங்கைக்காரரே வாயைத் திறந்தார். "சார் வரைவீங்கன்னு தெரியாதே!" நான் மறுக்கவில்லை. ஒரு மனிதர் மனம் விட்டுப் பாராட்டும்போது குறுக்கே பேசுவது நாகரிகம் இல்லை.

அந்தச் சமயத்தில் மகன் குடும்பத்தோடு ஊருக்கு வருவதாகச் சொன்னான். குழந்தைக்குக் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில் மொட்டையும் காதுகுத்தும். உறவு முழுவதும் வீட்டுக்கு வரும். அந்தத் தெருப் படத்தை ஹால் சுவர் அகலத்துக்கு டைல்ஸில் சுட்டுப் பதித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். காகிதத்தில் அச்சடித்து மாட்டுவது மற்றவர்கள் செய்வது. நாம் செராமிக் ஊர்க்காரர்கள்.

இருபத்துநான்கு டைல்ஸ். படத்தை டைல்ஸில் ஒட்டிச் சுடுகிற வர்ண ஸ்டிக்கராக வெளியூரில் அச்சடித்து வாங்கினேன். என்னிடம் வேலை பார்த்து இப்போது சொந்தமாகச் சூளை வைத்திருப்பவரிடம் எடுத்துப்போனேன். அவர் ஸ்டிக்கரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பூராவும் செவப்பா இருக்குதுங்களே சார். கப்பு லோடோட போட்டா நிக்காது. அடுத்த வாரம் தனியா கம்மி சூட்டுல போட்டுத் தரேன்."

"அடுத்த வாரம் பையன் வந்துடுவான். லோடோடவே போடு."

"சார், செவப்பு..."

"இது கம்ப்யூட்டர்ல வந்த கலர். நம்ம பழைய கலர் இல்ல. எனக்கே சொல்லித் தர்றியா?"

முப்பது வருடம் என் கீழே வேலை செய்தவர்களுக்கு நான் தினமும் சொன்ன ஒரே பாடம், சிவப்பைச் சூளைக்கு அனுப்பாதே என்பது. அதை அன்றைக்கு அவர் எனக்குத் திருப்பிச் சொன்னார். நான் அவரை அதட்டிவிட்டு வந்தேன். ஓவியன் ஆன பிறகு சூப்பர்வைசர் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

சூளை திறந்த அன்று போய் நின்றேன். டைல்ஸை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினார்கள். சிவப்பு இல்லை. ஆரஞ்சும் இல்லை. இரண்டு பக்கமும் சாம்பலும் பழுப்புமாக மேடு மேடாக ஏதோ இருந்தது. நடுவில் ஈர ரோடு ஓடியது. சூளைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"வானம் நல்லா வந்திருக்குதுங்க சார்."

டைல்ஸ் அடுக்கியவர் கம்மாபுரத்துக்காரர். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "எங்க ஊருப் பக்கம் கரி மைன்ஸ்ல தோண்டிக் கொட்டுன மண்ணு மேடு இருக்குதுல்ல, மழ பேஞ்சா இப்படியேதான் இருக்கும். தத்ரூபமா இருக்குது சார்."

அமெரிக்கா போய், மூக்கால் போட்டோ எடுத்து, மூன்று மாதம் மதியத் தூக்கத்தை விட்டு, நான் கம்மாபுரத்து மண் மேட்டைப் படைத்திருந்தேன்.

டைல்ஸை ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து ஹால் தரையில் வரிசையாக வைத்தேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டே அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள்.

"செவப்பையா சூளைக்கு அனுப்பினீங்க?" என்றாள்.

பையன் வர நான்கு நாள்தான் இருந்தது. பொம்மைக்கு வைப்பது போல மேலே சிவப்பு வைத்துத் தர முடியுமா என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நான் அவளிடம் கேட்ட முதல் கலர் சந்தேகம் அது. அவள் பரணிலிருந்து தூரிகை டப்பாவை இறக்கி, கடையில் புதுப் பெயிண்ட் வாங்கிவரச் சொன்னாள். சிவப்பில் இரண்டு, மஞ்சள் ஒன்று, காவி ஒன்று. ஒரே சிவப்பு போதாது என்று அவளே சொன்னாள்.

மறுநாள் காலையில் தரையில் பழைய சேலையை விரித்து டைல்ஸின் முன்னால் உட்கார்ந்தாள். மாதிரிக்காக நான் படத்தின் அச்சுப் பிரதியைக் கொடுத்தேன். நாலு பேருக்குக் காட்டிக் காட்டி மூலை மடங்கிப்போன பிரதி. அவள் அதை அன்றைக்குத்தான் கையில் வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்குது. ஆனா எல்லாம் ஒரே இழுப்பா இருக்குதுங்களே. இதுல எல எது, கிள எதுன்னு தெரியல. மரம் பூரா ஒரே செவப்பா? இல்ல எடத்துக்கு எடம் மாறுமா?"

"மாறும்."

"எங்க மாறும்? வெக்கறது சரியா வெக்கணுமில்ல. நீங்கதான பாத்தீங்க, சொல்லுங்க."

சொல்ல ஆரம்பித்தேன். முதலில் டீக்கடைக் குரலில்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தக் குரல் போய்விட்டது. மரத்தின் உச்சிதான் முதலில் சிவக்கும், உள்ளே இலைகள் பச்சையாகவே இருக்கும், ஒரு வாரம் கழித்துத்தான் உள்ளேயும் பரவும் என்றேன். வெயில் பின்னாலிருந்து வந்தால் சிவப்பு ஆரஞ்சாகத் தெரியும். விழுந்த இலை முதல் நாள் சிவப்பு, மூன்றாம் நாள் காவி. மழை பெய்தால் ரோட்டில் ஒட்டிக்கொள்ளும், நடந்தால் செருப்பில் வரும். ஒரே ஒரு மரம் மட்டும் கடைசி வரை மஞ்சளாகவே நின்றது. அவள் நான் சொல்லச் சொல்லத் தூரிகையைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். இடையில் நிறுத்தி, "எல என்னா பருமன்? உள்ளங்கை இருக்குமா?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன். இந்த மரங்களைப் பற்றி ஊர் முழுக்கப் பேசியவன், அவளிடம் உட்கார்ந்து பேசுவது அதுதான் முதல் தடவை என்பது எனக்கு மெல்ல உறைத்தது.

இரண்டாவது வரிசை டைல்ஸ் முடிகிற நேரத்தில் கேட்டாள். "இது எந்த ஊரு? கார்ல ரொம்ப தூரம் போனீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

"நம்ம பையன் தெருதான். வூட்டுக்கு எதுத்தாப்ல."

தூரிகை டைல்ஸுக்கு மேலே அப்படியே நின்றது.

"அந்தத் தெருவா?" என்றாள். "கொழந்தைக்கு ஊசி போட ஆஸ்பத்திரிக்குப் போனப்ப பாத்தேனே. எல்லாம் குச்சியா நின்னுச்சு, மேல பனி இருந்துச்சு. அந்தக் குச்சிங்களா இது?"

"ஆமா. ஜன்னல்லேருந்துகூடத் தெரியுமே" என்றேன், எதையாவது சொல்ல வேண்டும் என்று.

"அடுப்படி ஜன்னலத் தொறந்தா பக்கத்து வூட்டு செவுருதான். ரூம்ல கொழந்த தூங்கும், வெளிச்சம் படக் கூடாதுன்னு திரைய இழுத்து வுட்டுருப்பாங்க." குறையாகச் சொல்லவில்லை. வழி கேட்டவருக்குச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

பத்து நிமிடம். பத்தே நிமிடம் குழந்தையை நான் மடியில் வாங்கிக்கொண்டு, போய்ப் பார்த்துவிட்டு வா என்று சொல்லியிருந்தால் போதும். கார் வேண்டாம், வெள்ளிக்கிழமை வேண்டாம், மகன் வேண்டாம். செருப்பை மாட்டிக் கதவைத் திறந்தால் ரோடு. அந்தக் கதவை நான் தினமும் இரண்டு தடவை திறந்து மூடினேன். மூடும்போது உள்ளேயிருந்து, "குளிருது, சீக்கிரம் சாத்துங்க" என்று ஒரு குரல் வரும். அவள் குரல்தான். எனக்கு அவமானமாக இருந்தது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசி ஜெயித்திருப்பேன், அதில் எனக்கு அனுபவம் இருக்கிறது. அவள் தூரிகையைப் பெயிண்ட்டில் நனைத்து, "அந்த மஞ்ச மரம் எந்தப் பக்கம்? இடப்பக்கமா?" என்று கேட்டாள்.

"இடப்பக்கம்" என்றேன்.

மூன்று நாள் வைத்தாள். நான் கம்ப்யூட்டரில் கலைத்துவிட்ட இலைகளை எல்லாம் அவள் ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தாள். உச்சியில் ஒரு சிவப்பு, உள்ளே ஒரு சிவப்பு, ரோட்டில் காவி. அம்மன் உதட்டில் வைப்பது போல ஒரே தொடலில் ஒரு இலை. அந்த மூன்று நாளும் காபி நான் போட்டேன். நன்றாக இல்லை என்பதை அவள் குடித்த விதத்திலேயே தெரிந்துகொண்டேன். கொத்தனார் வந்து பதித்துவிட்டுப் போனதும் நான் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். இலை சிவந்திருந்த ஒன்றரை மாதமும் அந்தத் தெருவில் நடந்தவன் நான். என் நானூறு படத்திலும் இல்லாத அந்தத் தெரு சுவரில் இருந்தது.

மொட்டையும் காதுகுத்தும் முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். ஹாலில் நுழைந்தவர்கள் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்கள். மச்சினன் இந்தத் தடவை கண்ணாடியைத் தேடவில்லை.

"மாமா, மேப்பிள் கதைய ஆரம்பிங்க. இன்னிக்குக் கேக்கறோம்" என்றான்.

"வரைஞ்சது உங்க அக்கா. அவங்களக் கேளு" என்றேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு சரியில்லையோ என்று சிலர் நினைத்திருக்கக்கூடும்.

சம்பந்தியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டே சுவர் அருகே போய்ப் பார்த்தார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பினார்.

"நான்தான் அப்ப வர முடியாமப் போயிடுச்சு. நீங்க நேர்ல பாத்திருப்பீங்களே சம்பந்தி. நெசமாவே இப்படித்தான் இருக்குமா?"

பக்கத்தில்தான் மகன் குழந்தையைத் தூக்கிவைத்துக்கொண்டு நின்றான். மருமகள் அவனை ஒரு தடவை பார்த்தாள். அவன் அம்மாவைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் போதும், அந்த ஹாலில் மூன்று பேர் தலை நிமிர்ந்திருக்க முடியாது.

"ஓ, பாக்காம?" என்றாள் என் மனைவி. "வூட்டுக்கு எதுத்தாப்லதான். மொதல்ல உச்சிதான் செவக்கும், உள்ள பச்சையாவே இருக்கும். அப்புறம்தான் பூராவும். எல உள்ளங்கை பருமன் இருக்கும். மழ பேஞ்சா ரோட்டுல ஒட்டிக்கும், நடந்தா செருப்புல வரும். தோ, இந்த ஒரு மரம் மட்டும் கடைசி வரைக்கும் மஞ்சளாவே நின்னுச்சு. தெனம் பாப்பேன்."

மகன் குழந்தையின் மொட்டைத் தலையில் காய்ந்துபோயிருந்த சந்தனத்தைத் தேய்த்துச் சரிசெய்ய ஆரம்பித்தான். அவள் எல்லாருக்கும் காபி கொண்டுவர உள்ளே போனாள். அவள் சொன்னது ஒவ்வொன்றும் நான் சொன்னது, நான் சொன்ன அதே வரிசையில். தினமும் பார்ப்பேன் என்பதை மட்டும் நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.